கன்வென்ஷன் முடிந்த மூன்றாவது வாரம்: விசுவாசத்தில் வருஷக்கணக்காய் நிலைத்திருக்க ஒரு வழிகாட்டி

சபையின் கன்வென்ஷன், அதாவது சில நாள் நடக்கிற சிறப்புக் கூட்டங்கள். அதன் கடைசி இரவு. அழைப்பு கொடுக்கும்போது பிள்ளைகள் அழுதுகொண்டே முன்னால் வந்து முழங்கால்படியிடுவார்கள். அந்தக் கண்ணீர் உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்களில் பாதிப் பேரை மூன்றாவது வாரம் வாலிபர் கூட்டத்தில் காணோம். போய்க் கேட்டால் "அனல் குறைஞ்சு போச்சுக்கா" என்பார்கள். 14 வருஷமாக எங்கள் சபையின் வாலிபர்களோடு உட்கார்ந்து பார்த்ததில், அவர்களில் மிகச் சிலர்தான் பெரிய சோதனையில் விழுந்தவர்கள். மற்றவர்கள் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தூக்கிச் சுமக்கப் பார்த்து இளைத்துப்போனவர்கள்.

திடப்படுத்தல் பெற்றவர்கள் (விசுவாசத்தைச் சபைமுன் அறிக்கையிட்டவர்கள்), புதிதாகத் தங்களை இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தவர்கள், படிப்புக்கோ வேலைக்கோ ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

ஆரம்பிக்கும்முன் கையில் இருக்கவேண்டியவை

அச்சிட்ட வேதாகமம் ஒன்று. போனில் வேதம் வாசிப்பது தவறில்லை. ஆனால் மாற்கு 3-ஆம் அதிகாரத்தின் நடுவில் வாட்ஸ்அப் சத்தம் கேட்டால் கை தானாக அங்கே போய்விடும். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால் எளிய மொழிபெயர்ப்பு ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். மனப்பாடத்துக்கு மட்டும் உங்கள் சபையில் வாசிக்கிற மொழிபெயர்ப்பையே எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காதில் விழும்போது மனதிலிருப்பதும் அதுவும் ஒன்றாக இருக்கவேண்டும்.

அடுத்து, ஒரு சாதாரண நோட்டும் பேனாவும். தினமும் 15 நிமிஷம் யாரும் தொந்தரவு செய்யாத ஓர் இடம்; மொட்டைமாடிப் படிக்கட்டு போதும். கடைசியாக, நம்பிப் பேசக்கூடிய ஒருவரின் பெயர். அந்தப் பெயர் இன்னும் இல்லையென்றால் இரண்டாம் படியில் தேடலாம்.

ஒன்று மட்டும் வேண்டாம்: பொருத்தனை. "இனி ஒரு நாளும் ஜெபத்தை விடமாட்டேன் ஆண்டவரே" என்று உணர்ச்சிவேகத்தில் நேர்ந்துகொள்கிறவர், அது முறிந்த முதல் நாளிலேயே தேவனுக்கு முகத்தை மறைக்கத் தொடங்குகிறார். நேர்ந்துகொண்டு செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம் என்று பிரசங்கி 5-ஆம் அதிகாரம் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் சபை

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். "ரூம் செட்டாகட்டும், வேலை பிடிபடட்டும், அப்புறம் சர்ச் பார்க்கலாம்." அந்த "அப்புறம்" ஆறு மாசமாகும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிற நாளாகிவிடும்.

புது ஊருக்குப் போனால் முதல் இரண்டு ஞாயிறுகளுக்குள் ஓர் ஆராதனையில் உட்கார்ந்துவிடுங்கள். தனி ஜெபத்துக்கு முன்பாக இதை வைப்பதற்குக் காரணம் உண்டு. தனியாக ஜெபிக்கிற பலம் உங்களிடம் இல்லாத வாரங்கள் வரும். அந்த வாரங்களில் மற்றவர்கள் சேர்ந்து விசுவாசப்பிரமாணம் (விசுவாச அறிக்கை) சொல்லும் சத்தத்துக்குள் உங்கள் சத்தத்தையும் சேர்த்துவிட்டு வரலாம். சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று எபிரெயர் 10:25 எழுதப்பட்டது, அப்போதே சிலர் விட்டுவிட்டிருந்தபடியால்தான்.

எந்தச் சபை? பாட்டு நன்றாக இருக்கிற சபையைத் தேடி இரண்டு பஸ் மாறிப் போகிறவர்கள் மழைக்காலத்தில் நின்றுவிடுகிறார்கள். வேதம் ஒழுங்காகப் போதிக்கப்படுகிற சபைகளில் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். முடிவெடுத்தபின் ஒரு வருஷம் மாறாதீர்கள். ஆராதனை முடிந்ததும் பின்வாசல் வழியாக நழுவாமல் போதகரிடம் போய்ப் பெயர், ஊர், வேலை சொல்லுங்கள். பழைய சபையிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

சபைக்குள் ஒரே ஒரு சிறு வேலை கேட்டு வாங்குங்கள். பாய் விரிப்பது, பாட்டுப் புத்தகம் எடுத்துக்கொடுப்பது, ஓய்வுநாள் பள்ளிக்கு (பிள்ளைகளின் ஞாயிறு வேத வகுப்பு) உதவுவது, எதுவானாலும் சரி. நீங்கள் வராவிட்டால் யாராவது தேடவேண்டும். அதற்குத்தான் இந்த வேலை.

இங்கே சபைகளுக்கும் ஒரு வார்த்தை. ஆர்வமாக வருகிற பிள்ளையை மூன்றே மாசத்தில் பாடகர் குழு, வாலிபர் சங்கச் செயலர், விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) ஆசிரியர் என்று மூன்று இடத்தில் நிறுத்திவிடுகிறோம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு பெண்ணை அப்படி ஓடவிட்டு, ஒன்றரை வருஷத்தில் அவள் சபைப் பக்கமே வராமல்போனாள். வேலை செய்தவள் வாசிக்க நேரமில்லாமல் காய்ந்துபோயிருந்தாள், நான் கவனிக்கவில்லை. முதல் வருஷம் ஒரு வேலை போதும்.

2. ஓர் ஆளைப் பிடியுங்கள்

உங்களைவிட விசுவாசத்தில் மூத்தவர்; ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். பெற்றோர் வேண்டாம், கல்யாணம் பேசியிருக்கிறவரும் வேண்டாம். அவர்களிடம் சொல்லமுடியாத காரியங்கள் இருக்கும். பெரிய பேச்சாளராக இருக்கவேண்டியதில்லை. எனக்குக் கிடைத்தவர் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கணக்கு எழுதுகிற ஓர் அக்கா. கூட்டத்தில் வாய் திறந்து ஜெபிக்கவே கூச்சப்படுவார்.

கேட்பது எப்படி? "என்னைச் சீஷத்துவத்தில் நடத்துங்கள்" என்று பாரமாகக் கேட்டால் நல்லவர்கள் பயந்துபோவார்கள். "மாசத்துக்கு ரெண்டு தடவை அரை மணி நேரம் உங்ககிட்டப் பேசலாமா அக்கா? நான் ஒழுங்கா வாசிக்கிறேனான்னு கேளுங்க, எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றால் போதும்.

ஒரே ஒரு சோதனை வையுங்கள். அவர் மற்றவர்களின் ரகசியத்தை உங்களிடம் ஜெபக் குறிப்பாகச் சொல்கிறாரா? அப்படியென்றால் உங்களுடையதும் நாளை ஜெபக் குறிப்பாகிவிடும். வேறொருவரைப் பாருங்கள்.

3. நேரத்தை ஏற்கெனவே இருக்கிற ஒரு பழக்கத்தில் கட்டுங்கள்

எல்லோரும் முதலில் செய்கிற தவறு, அதிகாலை 4 மணிக்கு அலாரம் வைப்பது. நான்கு நாள் எழுவார்கள். ஐந்தாம் நாள் தூங்கிவிடுவார்கள். ஆறாம் நாள் குற்ற உணர்ச்சி. ஏழாம் நாள் அலாரமே இருக்காது.

இயேசு அதிகாலையில் வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்ததாக மாற்கு 1:35 சொல்கிறது. இராமுழுவதும் ஜெபித்ததாக லூக்கா 6:12 சொல்கிறது. தானியேல் தினம் மூன்று வேளை. ஆகவே மணி எத்தனை என்பதில் பிடிவாதம் வேண்டாம். தினமும் தவறாமல் செய்கிற ஒன்றைப் பாருங்கள்: காலைக் காப்பி, பல் துலக்குவது, ஷிப்ட் முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவது. அதற்கு அடுத்த 15 நிமிஷத்தைக் கர்த்தருக்கென்று வையுங்கள். நைட் ஷிப்ட் வேலை செய்கிறவருக்கு அது காலை 7 மணியாக இருக்கலாம், தூங்கப்போகும்முன்.

முதல் 3 மாசம் 15 நிமிஷத்தைத் தாண்டாதீர்கள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்ற பசியோடு எழுந்திருப்பது மறுநாளும் உங்களை அங்கே உட்காரவைக்கும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் கொடுத்த மன்னாவும் அன்றன்றைக்கு வேண்டிய அளவுதான் பொறுக்கப்பட்டது.

4. வாசிப்பு: எங்கே தொடங்குவது, எங்கே நிற்பது

இந்தப் படியில்தான் அதிகம் பேர் இடறுவதைப் பார்க்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜனவரி 1-ஆம் தேதி ஆதியாகமம் 1-இல் தொடங்குவார்கள். யோசேப்பின் கதைவரை ஓட்டமாகப் போகும். யாத்திராகமம் 25-இல் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வந்ததும் நடை தளரும். லேவியராகமத்தில் பிப்ரவரியோடு நின்றுவிடும். அடுத்த ஜனவரியில் மறுபடி ஆதியாகமம் 1. இப்படியே பத்து வருஷமாக ஆதியாகமத்தை மட்டும் வாசித்தவர்களை எனக்குத் தெரியும். லேவியராகமம் அருமையான புத்தகம்தான். ஆனால் அதைப் புரிந்துகொள்ள இயேசுவின் பலியை முதலில் அறிந்திருக்கவேண்டும்.

ஆகவே மாற்கில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், நாளுக்கு ஒன்று வைத்தால் மூன்று வாரத்துக்குள் இயேசுவின் ஊழியம், மரணம், உயிர்த்தெழுதல் எல்லாம் ஒரே மூச்சில் கண்முன் வந்துவிடும். பிறகு ஆதியாகமம் முழுவதும், யாத்திராகமம் 20 வரை. பிறகு லூக்காவும் அப்போஸ்தலருடைய நடபடிகளும் சேர்த்து. இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்பதால் கதை தொடரும். பிறகு பிலிப்பியர்.

முதல் வருஷம் முடிந்தபின் வாசிப்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். திங்கள் முதல் வெள்ளிவரை நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் சரியாக 260. சனிக்கிழமை ஒரு சங்கீதம், ஞாயிறு சபையில் கேட்கும் வசனம். முழு வேதாகமம் 1189 அதிகாரம். ஒரு வருஷத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்கவேண்டும். மூன்றாம் வருஷத்துக்கு முன் அதைத் தொடவேண்டாம் என்பது என் எண்ணம்.

ஒரு நாள் விட்டுப்போனால்? மறுநாள் இரண்டாக வாசிக்காதீர்கள். விட்டதை விட்டுவிட்டு அன்றைய பகுதிக்கு வாருங்கள். பாக்கி சேர்ந்துகொண்டே போனால் வேதாகமம் கடன் நோட்டுப் புத்தகமாகத் தோன்ற ஆரம்பிக்கும்.

வாசித்ததும் நோட்டில் இரண்டே வரி எழுதுங்கள். இங்கே தேவன் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? இன்றைக்கு நான் செய்யவேண்டியது என்ன? முதல் வரியைத் தாண்டி நேராக இரண்டாவதற்குப் போகிறவர்கள் அதிகம். அப்படிப் போனால் வேதம் கட்டளைகளின் பட்டியலாகச் சுருங்கிவிடும். அவரை அறிகிற சந்தோஷம் கிடைக்காது.

இன்னொரு தவறு நம் சபைகளுக்கே உரியது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுக்கிற, புது வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டையையும், தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வருகிற வசனப் படத்தையும் வைத்தே வருஷத்தை ஓட்டுவது. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருப்பதை யார் பார்க்கிறோம்? பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு, அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், காத்திருங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கர்த்தர் அந்த வார்த்தையைக் கொடுத்தார். அட்டையை மட்டும் வாசித்தவர், மார்ச் மாசம் வேலை போனதும் தேவன் பொய் சொல்லிவிட்டதாக நொந்துபோகிறார். அதிகாரம் முழுவதையும் வாசித்தவர் அதே வசனத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அட்டை எடுங்கள், தவறில்லை. அன்றைக்கே அந்த அதிகாரத்தை முழுவதுமாய் வாசித்துவிடுங்கள்.

5. ஜெபம்

வீட்டு ஜெபக் கூட்டத்தில் சரளமாக ஜெபிக்கிறவர்களைப் பார்த்து, "எனக்கு ஜெபிக்கத் தெரியாது" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நின்று, அதன் கீழ் உங்கள் நாளைச் சொல்லுங்கள். "அன்றன்றுள்ள அப்பத்தை" என்னும் இடத்தில் வீட்டு வாடகை, "எங்களுக்கு விரோதமாய்" என்னும் இடத்தில் நேற்று சண்டைபோட்ட ஆளின் பெயர். மெல்லிய குரலில் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் மட்டும் ஜெபித்தால் எண்ணம் கடைத்தெருவுக்குப் போய்விடும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் விண்ணப்பங்களைத் தேதியோடு எழுதுங்கள். பதில் கிடைத்தால் அந்தத் தேதியும். கிடைக்காதவற்றை அடிக்காமல் அப்படியே விடுங்கள்.

6. மாசத்துக்கு ஒரு சங்கீதம் மனப்பாடம்

சங்கீதம் 23, 1, 121, 130 என்ற வரிசையில் போகலாம். நான்கும் 6 அல்லது 8 வசனம்தான்.

என் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த இரவு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வேதாகமத்தைத் திறந்தேன். எழுத்து ஒன்றும் ஏறவில்லை. ஜெபிக்கவும் வரவில்லை. ஒன்பது வயதில் ஓய்வுநாள் பள்ளிப் போட்டிக்காகப் படித்த சங்கீதம் 121 மட்டும் தானாக வாயில் வந்தது. விடியும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வேண்டிய இரவில் புதிதாக ஒன்றைப் படித்துக்கொள்ள முடியாது.

7. விழுந்தால் அன்றைக்கே எழுந்திருங்கள்

பாவத்தில் விழுந்தவர் உடனே விசுவாசத்தை விடுவதில்லை. வெட்கப்பட்டு ஒரு ஞாயிறு வராமல் இருப்பார். அடுத்த ஞாயிறு, போன வாரம் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று வராமல் இருப்பார். சபையை விட்டுப்போனவர்கள் பலர் போன வழி இதுதான்.

அறிக்கையிட்டால் அவர் மன்னிக்க உண்மையும் நீதியும் உள்ளவர் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. அன்று இரவு தூங்கும்முன் பாவத்தின் பெயரைச் சொல்லி அறிக்கையிடுங்கள். "ஏதாவது தவறு செய்திருந்தால்" என்று மொத்தமாகச் சொல்லவேண்டாம். அதே பாவம் திரும்பத் திரும்ப வந்தால் இரண்டாம் படியில் பிடித்த ஆளிடம் போய்ச் சொல்லுங்கள். இருட்டில் வைத்திருக்கும்வரைதான் அதற்குப் பலம். பிறரிடம் எடுத்தது இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறன்று "நான் தகுதியில்லை" என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்களுக்கு ஒன்று. 1 கொரிந்தியர் 11:28, தன்னைச் சோதித்தறிந்து, புசிக்கவேண்டும் என்கிறது. சோதித்தறிந்துவிட்டு விலகிப்போகச் சொல்லவில்லை. மனந்திரும்புங்கள், சண்டை இருந்தால் ஒப்புரவாகுங்கள், பந்திக்கு வாருங்கள்.

8. வறண்ட காலம்

இது வரும். ஐந்து வருஷம் நிலைத்திருக்கிற எவருக்கும் ஒருமுறையாவது வரும். வாசிப்பீர்கள், மரக்கட்டையாக இருக்கும். ஜெபிப்பீர்கள், வார்த்தை கூரையைத் தாண்டாது. பாவம் எதுவும் செய்திருக்கமாட்டீர்கள். அப்பாவை அடக்கம் செய்தபின் எனக்கு எட்டு மாசம் அப்படி இருந்தது.

முதலில் சரீரத்தைப் பாருங்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்டான். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுத் தூங்கினான், மறுபடி சாப்பிட்டான். ஓரேப் மலையில் கர்த்தர் அவனோடு பேசியது அதற்குப் பிறகுதான். ஆகவே தூக்கம், சாப்பாடு, ஓய்வு இவற்றை ஒரு வாரம் சரிசெய்து பாருங்கள். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறது என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள், கூடவே ஒருவரை அழைத்துக்கொண்டு. மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் ஆகாது. உபவாசம் இருந்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், அந்த நேரத்தில் உபவாசம் இருக்காதீர்கள்.

இரண்டாவது, அளவைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். 15 நிமிஷத்தை 5 ஆக்குங்கள். ஒரு சங்கீதம், ஒரு பரமண்டல ஜெபம். புலம்பல் சங்கீதங்களை எடுங்கள். 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று கேட்டே தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் இல்லை. அதுவும் வேதாகமத்தில் இருக்கிறது என்பதே அந்த எட்டு மாசமும் எனக்குக் கைத்தடியாக இருந்தது. தேவனிடம் இப்படியும் பேசலாம், அவர் அதையும் ஜெபமாகவே ஏற்றுக்கொண்டு எழுதிவைக்கச் செய்திருக்கிறார்.

மூன்றாவது, அந்தக் காலத்தில் பெரிய முடிவு எடுக்காதீர்கள். சபை மாறுவது, ஊழியத்தை விடுவது, புதுப் பொருத்தனை எதுவும் வேண்டாம். அனல் தேடி ஒவ்வொரு எழுப்புதல் கூட்டமாக ஓடுவதும் வேண்டாம். உங்கள் பெஞ்சிலேயே உட்காருங்கள். பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடுவதைக் கேளுங்கள்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு: "விசுவாசம் குறைஞ்சுபோச்சு" என்று சொல்லவேண்டாம். அந்தக் கணக்கு எழுதுகிற அக்கா எட்டு மாசமும் வாரம் ஒருமுறை இட்லி கொண்டுவந்தார். ஒருநாளும் புத்தி சொல்லவில்லை.

9. கேள்விகள் வந்தால்

யோவான்ஸ்நானகன் சிறையில் இருந்தபோது, "வருகிறவர் நீர்தானா?" என்று ஆள் அனுப்பிக் கேட்டான். சந்தேகத்தை இயேசுவிடமே அனுப்பினான். இயேசு அவனைக் கடிந்துகொள்ளவும் இல்லை.

கேள்வியை நோட்டில் முழு வாக்கியமாக எழுதுங்கள். மங்கலான பயமாக இருக்கும்வரை எந்தப் பதிலும் அதைத் தொடாது. எழுதியதைப் போதகரிடமோ உங்கள் ஆளிடமோ கொண்டுபோங்கள். நள்ளிரவில் தனியாக யூடியூப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். மாற்கு 9:24-இல், பிள்ளையின் சுகத்துக்காக இயேசுவிடம் வந்த தகப்பன் சொன்ன "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்பதையே அதுவரை ஜெபமாக வைத்துக்கொள்ளுங்கள்.

10. வாழ்க்கை மாறும்போது திட்டத்தையும் மாற்றுங்கள்

கல்யாணம், குழந்தை, இடமாற்றம், வெளிநாட்டு வேலை. பழைய நேரம் இனி வராது. முதல் மாசத்துக்குள் 3-ஆம் படியைப் புதிதாகப் போடுங்கள். கைக்குழந்தைக்காரி பால் கொடுக்கும்போது மனப்பாடச் சங்கீதம் ஒன்றைச் சொன்னால் அன்றைய தியானம் அதுதான். வளைகுடாவில் வெள்ளிக்கிழமை ஆராதனை என்றால் வெள்ளிதான் உங்கள் ஞாயிறு. குடும்ப ஜெபத்தைப் 10 நிமிஷத்துக்குள் முடியுங்கள். ஒரு பாட்டு, பத்து வசனம், ஒரு ஜெபம். நீளமான குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் தூங்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

வீட்டில் நீங்கள் மட்டும் விசுவாசி என்றால் வாக்குவாதம் வேண்டாம். சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லச் சொல்கிறது 1 பேதுரு 3:15. கேட்டால் சொல்லுங்கள். கேட்காத நாளில் அம்மாவுக்குக் குடம் தண்ணீர் தூக்கிக் கொடுங்கள்.

11. வருஷக் கடைசியில் நோட்டைத் திறவுங்கள்

கிறிஸ்துமஸுக்கும் 31-ஆம் தேதி இரவு ஆராதனைக்கும் நடுவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, முழு வருஷத்தையும் புரட்டுங்கள். எந்த மாசம் வரிகள் நின்றுபோயின? அப்போது என்ன நடந்தது? எந்த விண்ணப்பத்துக்குப் பதில் வந்ததைக் கவனிக்கவே இல்லை? இதைப் பார்த்தபின் அடுத்த வருஷத்துக்கு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்.

மூன்றாம் வருஷம் இந்த நோட்டின் முதல் பக்கத்தில் உங்களைவிட இளைய ஒருவரின் பெயரை எழுதுங்கள். போன கன்வென்ஷனில் முன்னால் வந்தவராக இருக்கலாம். வருகிற ஞாயிறு அவர் ஆராதனைக்கு வந்திருக்கிறாரா என்று பாருங்கள். வரவில்லையென்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அவர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.